ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிந்தாயிற்று, பொதுக்கொள்கை படிக்கலாமா? மலையகத்திலிருந்து கெம்பஸ் (பல்கலைக்கழகம்) போனவர்கள் சொல்லுங்கள்

பத்தனைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியா மாவட்டம். ஏ.எல். கலைப்பிரிவில் அரசியல் விஞ்ஞானம், புவியியல், தமிழ் செய்தேன். ரிசல்ட்ஸ் வந்துவிட்டது, ஏதாவது ஒரு கலைப்பீடம் கிடைக்கும் போலத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் கல்வியியற் கல்லூரிக்குப் போட்டுவிட்டுச் சீக்கிரம் டீச்சராகி வா என்கிறார்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அவர் அப்படி நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் எனக்குப் பொதுக்கொள்கை, அதாவது அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது, அதை எப்படி நடத்துகிறது என்ற பாடம், படிக்கவேண்டும் என்று இருக்கிறது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்து டிவிஷனுக்கு ஏறி வருகிற பாதை நான் பிறந்ததிலிருந்து ஒரே மாதிரிக் கிடக்கிறது. தோட்டத்து ஒபிஸில் கேட்டால் பிரதேச சபையைக் கேள் என்கிறார்கள், சபையில் கேட்டால் அது தோட்டத்துப் பாதை என்கிறார்கள், யூனியன் தலைவரைக் கேட்டால் அமைச்சு செய்யவேண்டிய வேலை என்கிறார். யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரு படிப்பு இருந்தால் அது இதுதானே? எங்கே படிக்கலாம், தமிழில் படிக்கலாமா, முடித்த பிறகு என்ன வேலை, தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கம்பளைக் கணக்கு:

தங்கச்சி, நேராகவே சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். இந்த நாட்டில் கொள்கையைத் தீர்மானிப்பவர்கள் கொள்கை படித்தவர்கள் இல்லை. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். பேராதனை விவசாய பீடத்துப் பேராசிரியர்கள் உட்படப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இது சரிவராது என்று எழுதினார்கள், கத்தினார்கள், யார் கேட்டது? நவம்பரில் அவர்களே வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் அழியவேண்டியது அழிந்துவிட்டது. 2021 இல் கிட்டத்தட்ட 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. அந்த வருஷம் உன் அம்மாவின் செக்ரோலில் (வேலை நாள் பதியும் புத்தகம்) எத்தனை நாள் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழுந்தது என்று கேட்டுப் பார்.

ஆகவே கணக்கியல், ஐ.டி., ஆங்கிலம், இதில் ஏதாவது ஒன்றைப் பிடி. கலைப்பட்டதாரிகளை அரசாங்கம் 2020 இல் 50,000 அளவில் பயிலுநர்களாக எடுத்தது உண்மைதான், அந்தக் காலம் போய்விட்டது. நாடு வங்குரோத்து ஆகி ஐ.எம்.எஃப். வந்து உட்கார்ந்த பிறகு அந்த மாதிரி ஆள் எடுப்பு இனி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மஸ்கெலியா மழை:

கம்பளை அண்ணே, நீங்கள் சொன்ன உர உதாரணத்தை வைத்தே நான் எதிர்ப்பக்கம் பேசுவேன், ஆனால் முதலில் தங்கச்சியின் பாதைக்கு வருகிறேன். இந்தத் துறையில் பட்டம் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் கேட்டிருப்பது ஒரு முழு ஆய்வுக்கட்டுரைக்குரிய கேள்வி.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 33 ஆம் பிரிவைக் காட்டித்தான் முப்பது வருஷமாகத் தோட்டத்துக்குள் சபைப் பணம் போடமுடியாது என்றார்கள். எலெக்‌ஷனுக்கு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஏறி வந்து வாக்குக் கேட்பார்கள், ஜெயித்த பிறகு லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவிளக்குக் கேட்டால் சட்டத்தில் இடம் இல்லை என்பார்கள். 2018 இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இதை இத்தோடு மனப்பாடம் செய்தால் அது பொது அறிவு. பொதுக்கொள்கை என்பது அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: 1987 இல் இதை எழுதும்போது அந்த மேசையில் யார் இருந்தார்கள், யார் இல்லை? 1948, 1949 சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்கும் போன மலையகச் சனத்துக்கு 1987 இலும் கணக்கு தீரவில்லை. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் ஒன்று 1988 இல் வந்தது, அப்போதும் விடுபட்டவர்களுக்கு 2003 இல் இன்னொன்று வந்தது. வாக்கு இல்லாதவனை மனதில் வைத்து எந்த அரசியல்வாதியும் சட்டம் எழுதமாட்டான். தோட்டத்துச் சனத்தைத் துரை (தோட்ட மேலாளர்) பார்த்துக்கொள்வார் என்ற வெள்ளைக்காரன் காலத்து நினைப்பு அப்படியே சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது மண்ணைப் பாருங்கள். 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிர்வாகத்தை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு 53 வருஷக் குத்தகை. அப்படியென்றால் அந்தப் பாதை கிடக்கிற நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, அதில் நடக்கிறவர் பிரதேச சபையின் வாக்காளர். மூன்று பேரும் மற்றவரைக் கைகாட்டுவது சும்மா சாக்கு இல்லை தங்கச்சி, மூன்று பேர் கையிலும் ஒவ்வொரு காகிதம் இருக்கிறது! ஆத்திரம் வருவதும் அதனால்தான். யாரோ ஒருவர் பொய் சொன்னால் சண்டை போட்டு முடித்துவிடலாம், இங்கே ஆளுக்குக் கொஞ்சம் உண்மை சொல்கிறார்கள்.

2018 க்குப் பிறகும் பாதை ஏன் அப்படியே கிடக்கிறது என்று கேட்டால் அது அமுலாக்கம் பற்றிய பாடம். செலவழிக்க அனுமதி கிடைப்பது ஒன்று, செலவழிக்கச் சபையில் பணம் இருப்பது வேறு. 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்தார்கள், மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் அப்படி வந்தவைதான். நமக்கு நல்லது, தவிசாளர் நாற்காலி பக்கத்தில் வந்தது. ஆனால் கடையும் சந்தையும் குறைந்த, லயம் நிறைந்த ஒரு சபைக்கு வருமானம் எங்கிருந்து வரும்? இதை யாராவது உட்கார்ந்து வரவுசெலவுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் பார்க்கவேண்டும். அந்த யாராவது ஏன் பத்தனையிலிருந்து வரக்கூடாது?

உர விஷயம்: படித்தவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்பது சரி. அதனால் படிக்கவேண்டாம் என்று எப்படி வருகிறது? அந்த ஆறு மாதத்தில் மலையகத்துக்காக, இந்த வேலைநாள் இவ்வளவு போகும், இந்த வருமானம் இவ்வளவு குறையும் என்று கணக்கோடு பேசிய குரல் எத்தனை கேட்டது? கோஷம் கேட்டது, கணக்கு கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊவாக்காரன்:

நல்ல பதிவு. நான் பதுளைப் பக்கம். ஒன்று சேர்க்கிறேன், தங்கச்சி கெம்பஸுக்குப் போகும் வழியே ஒரு கொள்கைதான். மொத்த இடத்தில் 40 வீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. ஆனால் கோட்டா மாவட்டத்தைப் பார்க்கிறதே தவிர மாவட்டத்துக்குள்ளே இருக்கும் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. டவுனில் பெரிய பாடசாலையில், நல்ல டியூஷன் வசதியோடு படித்த பிள்ளையும், ஏ.எல். விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலையில் தொடங்கிய பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் ஓடவேண்டும். நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கலைப்பிரிவுக்கு வருவது ஆசையால் மட்டுமா? பக்கத்தில் வேறு பிரிவு இல்லை, அவ்வளவுதான். இலவசக் கல்வி 1945 இல் வந்தது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள், தோட்டப் பாடசாலைகள் அரசு கைக்கு வந்தது 1970 களில். அந்த இடைவெளிக்குள் எத்தனை தலைமுறை போனது என்று பாருங்கள்.

கோட்டாவைத் தோட்டப்புறத்துக்குத் தனியாகப் பிரித்தால் சரியாகுமா? எனக்கே இரண்டு மனம். பிரித்தால் நாளைக்கு டவுனுக்கு வந்து படிக்கும் தோட்டத்துப் பிள்ளையை எந்தப் பக்கம் போடுவது? லயத்தில் வீடு, ஹட்டனில் பாடசாலை, கொழும்பில் அப்பா. இதை வகுத்து எழுத முயற்சி செய்தால் கொள்கை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

கம்பளைக் கணக்கு:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்பதற்கு. மாதம் முடிந்தால் சம்பளம் யார் தருவது? அதைச் சொல்லாமல் 33 ஆம் பிரிவு பற்றி மூன்று பந்தி எழுதினால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?

மேசையும் நாற்காலியும்:

நான் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன், எது என்று சொல்லவில்லை. கம்பளைத் தம்பி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நிர்வாக சேவைப் பரீட்சைக்கு இன்ன பட்டம்தான் வேண்டும் என்று இல்லை, எந்தப் பட்டதாரியும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். போட்டி பயங்கரம், அதில் பொய் சொல்லமாட்டேன். பாஸ் பண்ணினால் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்தில் பயிற்சி. பொதுக்கொள்கை படித்தவருக்கு அந்தப் பரீட்சையில் தனி மார்க்ஸ் எதுவும் கிடையாது, ஆனால் சுற்றுநிருபம் ஒன்றைப் பார்த்தவுடன் இது யாருக்காக எழுதப்பட்டது, யாரை மறந்துவிட்டார்கள் என்று பிடிக்கும் பழக்கம் வேலைக்கு வந்த பிறகு உதவும். அது இல்லாவிட்டால் ஸ்டாம்ப் அடிக்கும் வேலைதான். இது தவிர உள்ளூராட்சி, அரசு சாரா நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், ஊடகம். என்.ஜி.ஓ. வேலை திட்டம் முடிந்தால் முடிந்தது, அதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அரசாங்க விண்ணப்பத்தில் முகவரி என்று ஒரு கோடு இருக்கும். தோட்டத்து ஆள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுவார், அதே முகவரியில் இன்னும் எத்தனையோ குடும்பம். கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குப் போகும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகளின் கதை மலையகத்தில் எந்த ஊரில் கேட்டாலும் கிடைக்கும். கொழும்பில் அந்தப் படிவத்தைத் தயாரித்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு வீட்டு இலக்கம் இல்லாத வீடு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரியாது. லிப்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980 இல் எழுதியதை மாஸ்டர்ஸ் வகுப்பில் படித்தபோது நான் என் கவுன்டரைத்தான் நினைத்தேன். சனத்தோடு நேரே பேசும் கடைசி உத்தியோகத்தர் செய்வதுதான் கடைசியில் கொள்கையாகிறது என்பது அவருடைய வாதம். வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு அமைச்சரவைப் பத்திரம் எல்லாம் இல்லை, என் மேசைதான் அரசாங்கம். நான் தமிழில் பேசினால் அரசாங்கம் தமிழ் பேசுகிறது. நான் லீவு என்றால் தமிழ் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியதும் அன்றைக்கு லீவுதான்.

இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ, நுவரெலியா இரண்டு பிரதேச செயலகப் பிரிவிலும் தலா இரண்டு லட்சத்துக்கு மேல் சனம் இருந்தது. நாட்டில் பல பிரிவுகளில் அதில் கால்வாசியும் இல்லை. காலையில் வந்து மாலை வரை நின்று, அன்றைய பேரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஒரு கையெழுத்து வாங்கிப் போகிறவரின் நாளை எந்த அறிக்கையிலும் செலவாகப் போடுவதில்லை.

பத்தனைப் பிள்ளை:

அண்ணாமார் எல்லாருக்கும் நன்றி. முகவரிக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. படிப்பு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே?

மஸ்கெலியா மழை:

படிப்பைப் பற்றிக் குறையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் கெம்பஸ் என்று எழுதமாட்டேன். முதல் வருஷம் மூன்று பாடம், பிறகு புள்ளியைப் பார்த்து ஸ்பெஷல் (ஒரு பாடத்தில் சிறப்புப் பட்டம்). பிரச்சினையை அடையாளம் காணுதல், நிகழ்ச்சிநிரல், உருவாக்கம், அமுலாக்கம், மதிப்பீடு என்று ஒரு வட்டப்படம் இருக்கும், அதை எல்லா வருஷமும் வரைவீர்கள். நம் நாட்டில் முடிவு முதலில் வரும், அதற்குக் காரணம் தேட பிறகு கமிட்டி வரும் என்பதை அந்த வட்டத்தில் எங்கே போடுவது என்று கேட்டால் விரிவுரையாளர் சிரிப்பார். அமெரிக்கக் காங்கிரஸில் சட்டமூலம் எப்படிப் போகிறது என்று டியூட்டில் (விரிவுரைக் குறிப்பு) பக்கம் பக்கமாக இருந்தது, சம்பள நிர்ணய சபை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை. தமிழ் டியூட் சிங்கள டியூட்டில் பாதிதான் இருக்கும், மிச்சத்தைக் குப்பி வகுப்பில் சீனியர் அக்காமார் சொல்லித் தந்துதான் பாஸ் பண்ணினோம். வளர்ந்துவரும் நாடு என்று எங்களைப் பற்றி வெளிநாட்டுக்காரன் எழுதியதைப் படித்து எங்களுக்கே ஒப்புவித்த மாதிரி சில நாள் இருக்கும்.

அதனால் அந்த வட்டத்தைப் பரீட்சைக்கு வைத்துக்கொண்டு, உண்மையான படிப்பை ஊரில் செய்யவேண்டும். சம்பளத்தையே எடுங்கள். ஆயிரம் ரூபா, ஆயிரம் ரூபா என்று வருஷக்கணக்காகக் கோஷம் போட்டோம். முன்பு யூனியன்களும் கம்பனிகளும் கூட்டு ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பளம் முடிவாகும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அடிப்படைச் சம்பளம் 900 உம் கொடுப்பனவு 100 உம் சேர்த்து ஆயிரம் என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொண்டன. நாட்சம்பளம் ஏறியது. ஆனால் ஒப்பந்தத்தில் சம்பளம் மட்டுமா இருந்தது? ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ எடுக்கவேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலை, எல்லாம் அந்த மேசையில் பேசிய விஷயம். மேசை போன பிறகு கிலோவைக் கூட்டினார்கள், நாளைக் குறைத்தார்கள், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டார்கள் என்று தோட்டம் தோட்டமாகப் புகார். 2024 இல் 1,350 ஆனது. இப்போது சொல்லுங்கள், கொள்கை வென்றதா தோற்றதா? நாட்சம்பளத்தைப் பார்த்தால் ஒரு பதில், மாதம் முடிந்து கைக்கு வரும் காசைப் பார்த்தால் வேறு பதில். எதை அளப்பது என்று முடிவு செய்கிறவர்தான் பதிலையும் முடிவு செய்கிறார். இதை எனக்கு எந்த டியூட்டும் சொல்லித் தரவில்லை, என் அத்தையின் சம்பளச் சிட்டை சொல்லித் தந்தது.

எங்கே என்றால், பேராதனை, கொழும்பு, களனி, யாழ்ப்பாணம் என்று பல இடத்தில் அரசியல் விஞ்ஞானத்தோடு வரும். கொழும்பில் துறையின் பெயரிலேயே பொதுக்கொள்கை இருக்கிறது. ஜயவர்தனபுரவில் பொது நிர்வாகம் முகாமைத்துவ பீடத்தில் இருக்கிறது, அது ஆங்கிலத்தில். எது உங்கள் பாடங்களுக்குப் பொருந்தும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், யார் சொல்வதையும் நம்பவேண்டாம், என்னையும் சேர்த்து. எங்கே போனாலும் புள்ளிவிபரவியலை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் கணக்கு என்றால் ஓடுகிறோம். குடிசன மதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமானச் செலவு ஆய்வை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தே வெளியிடுகிறது. நம்மைத் தனியாகக் காட்டும் எண்கள் அதில் இருக்கின்றன, எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை.

ஊவாக்காரன்:

சிங்களமும். ஆங்கிலத்தை எல்லாரும் சொல்வார்கள், சிங்களத்தை யாரும் சொல்லமாட்டார்கள். சபைக்கூட்டக் குறிப்பும் பழைய ஃபைலும் நம் மாவட்டங்களில் பெரும்பாலும் சிங்களத்தில்தான்.

செலவுக்கு மஹாபொல என்ற மாதாந்தப் புலமைப்பரிசில் இருக்கிறது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவை 7,500 ஆக்கினார்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தனியாக, கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் மூலம் ஒரு புலமைப்பரிசில் நிதியமும் உண்டு, விளம்பரம் பத்திரிகையில் வரும்போது தவறவிடவேண்டாம்.

கம்பளைக் கணக்கு:

அரைப்பேர் விஷயம் உண்மை, அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் சொல்கிறேன், பட்டத்தோடு ஒரு தொழில் கையில் இருக்கட்டும். பின்னேரத்தில் கணக்கியல் டிப்ளோமா ஒன்று செய். சபை வரவுசெலவுப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னாரே மஸ்கெலியா, அதைப் படிக்கவும் அதுதான் வேண்டும்.

பத்தனைப் பிள்ளை:

அண்ணா, அந்தப் புத்தகத்தை இப்போதே கேட்கமுடியுமா? கெம்பஸ் திறக்க இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. எங்கள் சபை 2018 க்குப் பிறகு தோட்டப் பாதைகளுக்கு எவ்வளவு செலவழித்தது என்று பார்க்கவேண்டும்.

மேசையும் நாற்காலியும்:

தாராளமாக. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுது, தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். பாதை ஏன் போடவில்லை என்று கேட்காதே, அதற்குப் பதில் வராது. இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, தோட்டப்புற வீதிகளுக்கு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, வீதியின் பெயர், ஆண்டு வாரியாக, என்று கேள். தகவல் என்றால் ஃபைலில் ஏற்கெனவே இருப்பது, அதைத்தான் கேட்கமுடியும். கொடுத்ததற்கு ரசீது வாங்கு. பதில் முகவரிக்குத் தோட்டத்தின் பெயரை எழுதாமல் டவுனில் தெரிந்த கடை ஏதாவது இருந்தால் அதைப் போடு.

பத்தனைப் பிள்ளை:

கொட்டகலையில் மாமாவின் கடை இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அம்மாவிடம் சம்பளச் சிட்டைகளும் கேட்டேன், எல்லாவற்றையும் ஒரு பேக்கில் போட்டு வைத்திருக்கிறாராம், எதற்கு என்று கேட்கிறார்.

கம்பளைக் கணக்கு:

2021 க்கு முந்தியது, பிந்தியது என்று இரண்டு கட்டாகப் பிரித்து, நாள், கிலோ, கைக்கு வந்த காசு மூன்றையும் எக்ஸலில் போடு. போட்டுவிட்டுக் காட்டு, கணக்கை நான் பார்த்துத் தருகிறேன். கையேட்டில் தெரிவு போடும் கடைசித் திகதியையும் பார்த்துக்கொள்.